கழுத்து நெறிக்கட்டிக்கு இரண்டு ஆஸ்பத்திரியில் பயாப்ஸி: எங்கள் அனுபவம்

தங்கச்சிக்குக் கழுத்தில் நெறி கட்டியது. அதற்காக இந்த வருஷம் ஒரு ஊசி டெஸ்ட், கரூரில் ஒரு நர்சிங் ஹோமில் கட்டியையே வெட்டி எடுத்த பயாப்ஸி, அப்புறம் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடியும் ஒரு பயாப்ஸி என்று மூன்று தடவை அவள் கழுத்தைக் காட்டிக்கொண்டு படுக்க வேண்டியிருந்தது. திருச்சியில் செய்ததைக் கரூரிலேயே செய்திருந்தால் பிள்ளைக்கு ஒரு வலி மிச்சம், எங்களுக்கு ஒரு மாத அலைச்சல் மிச்சம். இரண்டு இடத்தின் பெயரையும் போடவில்லை. என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதை மட்டும் முழுசாக எழுதுகிறேன். மதிப்பெண் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கரூர் நர்சிங் ஹோமுக்கு 5-க்கு 2, திருச்சிக்கு 5-க்கு நாலரை.

பங்குனி மாதம் தலை பின்னும்போது அம்மா கையில் தட்டுப்பட்டது. வலது காதுக்குக் கீழே, கொஞ்சம் பின்பக்கம் தள்ளி, புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. சளி பிடித்தால் நெறி கட்டும், பேன் புண்ணுக்குக் கட்டும், சொத்தைப் பல்லுக்குக் கட்டும், இதெல்லாம் எல்லா வீட்டிலும் பார்த்ததுதான். மஞ்சளும் சுண்ணாம்பும் பற்றுப் போட்டோம். மூன்று வாரத்தில் அது நெல்லிக்காய் அளவுக்கு வந்து, பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னதாக முளைத்தன. சாயங்காலமானால் உடம்பு லேசாகக் கதகதவென்று இருந்தது, எடையும் மூன்று கிலோ இறங்கியிருந்தது. குடும்ப டாக்டர் பத்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். குறையவில்லை. ஸ்கேனில் பெரியது 2.4 செ.மீ., மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன என்று வந்தது. உடனே ஊசி டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்று நான்கு வாரம் தாண்டியும் வடியாமல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும் கழுத்து நெறிக்கட்டியை டெஸ்ட் செய்யாமல் விடக்கூடாது என்று அவர்தான் முதலில் சொன்னார்.

ஊசி டெஸ்ட் ஒரு லேபில், 900 ரூபாய். ரத்தம் எடுக்கிற ஊசியைவிட மெல்லிய ஊசி. கட்டிக்குள் விட்டு இப்படியும் அப்படியும் நாலைந்து தடவை அசைத்து இழுத்து, வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்தார்கள். மரத்துப்போக மருந்துகூடப் போடவில்லை, தேவையும்படவில்லை, தங்கச்சி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரிப்போர்ட் மறுநாள்: ரியாக்டிவ். அதாவது ஏதோ ஒன்றுக்கு எதிராக நெறி வீங்கியிருக்கிறது, கெட்ட செல் எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டில் பாயசமே வைத்துவிட்டோம்.

அந்தப் பாயசம் அவசரப்பட்டது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம், நெறிக்கட்டிக்கு அது செல்லாது. திருச்சி டாக்டர் இதை விளக்கியபோது நான் கோலத்தை நினைத்துக்கொண்டேன். வாசலில் போட்ட கோலத்திலிருந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்து வந்து காட்டினால் அரிசி மாவா கல்மாவா என்று சொல்லிவிடலாம், ஆனால் எத்தனை புள்ளி, எந்தக் கோலம் என்று சொல்ல முடியுமா? ஊசியில் வருவது அந்தச் சிட்டிகை. நெறிக்குள் செல்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, அந்த அடுக்கு கலைந்திருக்கிறதா என்பது அதில் தெரியாது. லிம்போமா என்கிற நெறிப் புற்றுநோயில் அந்த அடுக்குதான் முக்கியம். 1832-ல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் எழுதி வைத்த, இன்றைக்கும் அவர் பெயரிலேயே வழங்குகிற வகையில், அடையாளம் காட்டும் பெரிய செல்கள் கட்டியில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் பல சமயம் இருக்கும். மிச்சமெல்லாம் சுற்றிக் கூடி நிற்கும் சாதாரண செல்கள். ஊசி அந்த ஒன்றின் மேல் படாமல் போனால் ரிப்போர்ட் "ரியாக்டிவ்" என்றுதான் வரும்.

அதற்காக ஊசி டெஸ்டை நான் மட்டம் தட்ட மாட்டேன். கழுத்து நெறிக்கு முதலில் செய்ய வேண்டியதும் அதுதான், மலிவு, தழும்பு கிடையாது. தைராய்டு புற்றோ வாய்ப் புற்றோ நெறிக்குப் பரவியிருந்தால் பல நேரம் அதிலேயே தெரிந்துவிடும். எங்கள் விஷயத்தில் குறை வேறு. இழுத்ததில் ஒரு சொட்டைக் காசநோய்க் கிருமிக்கான ஜீன் டெஸ்டுக்கு யாரும் அனுப்பவில்லை. நம் ஊரில் கழுத்து நெறிக்குக் காசநோய் எவ்வளவு சகஜமான காரணம்! கண்டமாலை என்று சித்த வைத்தியத்தில் தனிப் பெயரே இருக்கிறது. அன்றைக்கே அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

கட்டி வடியவில்லை. வைகாசியில் கரூர் நர்சிங் ஹோம் சர்ஜன் பார்த்துவிட்டு, முழுக்கட்டியாக எடுத்துவிடலாம் என்றார். முடிவு சரியான முடிவு. அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. கத்தி பட்டால் பரவிவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். இந்தப் பயம் எத்தனை வீட்டில் எத்தனை மாதத்தைத் தின்றிருக்கும்! நெறியை முழுதாக எடுத்துச் சோதிப்பதால் நோய் பரவாது. என்ன நோய் என்று தெரியாமல் உள்ளேயே வைத்திருக்கும் நாட்களில்தான் அது வளர்கிறது. அம்மாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது, கல்யாணம் ஆகாத பிள்ளை, கழுத்தில் தழும்பு. அதைச் சர்ஜனிடம் கேட்கத் தயங்கி என் காதில் சொன்னார். நான் கேட்டேன். கழுத்து மடிப்பை ஒட்டியே கீறுவேன் என்றார் சர்ஜன், சொன்னபடியே செய்தார். அந்த 5-க்கு 2 இதற்காகத்தான்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கழுத்தின் அந்தப் பின்பக்க முக்கோணத்தில் தோளைத் தூக்க உதவும் நரம்பு ஒன்று தோலுக்குக் கிட்டத்திலேயே ஓடுகிறது. நெறியை எடுக்கும்போது அதில் பட்டுவிட்டால் தோள் தொங்கிப் போகும், கையைத் தலைக்கு மேல் தூக்குவது கஷ்டமாகிவிடும். கையெழுத்து வாங்கிய தாளில் இது இருந்ததா என்றுகூட எங்களுக்குத் தெரியாது, காட்டிய இடத்திலெல்லாம் போட்டோம். நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. திருச்சியில் முதல் நாள் டாக்டர் தையலைப் பார்த்த கையோடு, "எங்கே பாப்பா, ரெண்டு கையையும் மேலே தூக்கு" என்றபோதுதான் இப்படி ஒரு ஆபத்து இருந்ததே தெரிந்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இனி முக்கியமான இடம். ஆபரேஷன் முடிந்து நர்ஸ் ஒரு பாட்டிலோடு வெளியே வந்தார். மூடியில் பிளாஸ்திரி, அதில் பேனாவால் தங்கச்சி பெயர். "சார், இதை லேப்ல கொடுத்துட்டு பில் போட்டுட்டு வாங்க." நம் ஊரில் இதுதானே வழக்கம், நோயாளியின் ஆட்கள்தான் சதையைச் சுமந்துகொண்டு போக வேண்டும். உள்ளே நிறமற்ற தண்ணீர் மாதிரி ஒன்றில் ஊறவைத்த மொச்சைக்கொட்டை மாதிரி, சாம்பலும் வெளிறிய ரோஸும் கலந்த நிறத்தில், அடியில் கிடந்தது. மூடி சரியாக இறுகாமல் பைக்கில் போகும்போதே கண் எரிந்தது. அதுதான் பார்மலின். சதை அழுகாமல், செல் அப்படியே நிற்க வைக்கும் மருந்து. மைக்ராஸ்கோப்பில் பார்க்க அது வேண்டும். ஆனால் அதில் விழுந்த நிமிஷத்திலிருந்து சதைக்குள் இருக்கும் கிருமியும் சாகிறது. கல்ச்சர் போட்டு வளர்த்துப் பார்க்க வழியே கிடையாது. கட்டியை எடுத்த கையோடு ஒரு துண்டை நறுக்கி சலைன் பாட்டிலில் போட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எந்த மூலையில் தேடினாலும் கிடைக்கிற வெறும் உப்புத் தண்ணீர். முழுக்கட்டியையும் பார்மலினில் போட்டுவிட்டார்கள்.

எட்டு நாள் கழித்து ரிப்போர்ட். கிரானுலோமா இருக்கிறது, நடுவில் தயிர்க்கட்டி மாதிரி திசு செத்திருக்கிறது, காசநோய்க்குப் பொருந்துகிறது, கிருமிக்கான சாயம் போட்டதில் கிருமி தெரியவில்லை, மற்ற அறிகுறிகளோடு சேர்த்து முடிவு செய்யவும். சர்ஜன் அதைப் பார்த்துவிட்டு, "டிபிதான், ஆறு மாதம் மாத்திரை" என்று சீட்டை எழுத ஆரம்பித்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்பாவின் நண்பர் மகன் ஒருவனுக்குச் சதையே எடுக்காமல் டிபி மாத்திரை மூன்று மாதம் கொடுத்து, நெறி இறங்காமல், கடைசியில் பயாப்ஸி செய்தபோது லிம்போமா என்று வந்ததை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். எங்களிடம் சதை ரிப்போர்ட் இருந்தது, அது பெரிய வித்தியாசம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இன்னொரு கேள்வி உறுத்தியது. தங்கச்சி வேலை பார்க்கும் கம்பெனியில் பக்கத்து மேஜைப் பெண்ணுக்குப் போன வருஷம் மருந்துக்குக் கட்டுப்படாத டிபி. அப்படிப்பட்டவர் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று கரூரில் ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோதும், "முதலில் ஆரம்பிப்போம், பார்ப்போம்" என்றார்கள்.

திருச்சியில் அதுதான் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, "சலைன்ல ஒரு பீஸ் போட்டாங்களா?" இல்லை என்றதும் டாக்டர் ஒன்றும் திட்டவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிதானமாக உட்காரவைத்துச் சொன்னார். கிரானுலோமா என்றால் உடம்பு ஏதோ ஒன்றை வளைத்துப் பிடித்து வேலி கட்டியிருக்கிறது என்று அர்த்தம். நம் நாட்டில் முக்கால்வாசி நேரம் அது டிபிதான். ஆனால் சார்காய்டோசிஸ் என்ற நோயிலும் அந்த வேலி வரும், பூனை கீறிய கிருமிக்கும் வரும், சில பூஞ்சைக்கும் வரும், லிம்போமாவை ஒட்டியும் வரலாம். டிபியே என்றாலும் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் டிபி என்று சதையின் படம் சொல்லாது, கிருமியைக் கேட்டால்தான் சொல்லும். படம் உங்களிடம் இருக்கிறது, கிருமி கையில் இல்லை, அதைத்தான் இப்போது பிடிக்க வேண்டும் என்றார்.

மறுபடி ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் சொன்னபோது அம்மா கண் கலங்கிவிட்டது. முழு நெறியின் அமைப்பைக் கரூர் பிளாக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம், மிச்சமிருக்கும் இரண்டு கட்டியில் ஒன்றிலிருந்து ஸ்கேன் பார்த்தபடியே கோர், அதாவது கொஞ்சம் தடித்த ஊசியால் மெல்லிய சதை இழை, எடுத்தால் போதும். பிளாக் என்பது நம் சதையை மெழுகில் பதித்து வைத்த சின்னச் சில்லு. அதிலிருந்துதான் ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடு ஆக்குகிறார்கள். இன்னொரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றால் அதைக் கேட்டு வாங்கலாம். கரூர் லேபில் மூன்று நாள் இழுத்தடித்து, திருச்சி டாக்டரின் கடிதத்தைக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

கோர் எடுத்த அன்று என்னையும் உள்ளே விட்டார்கள். ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்தபடியே, ஸ்பிரிங் வைத்த ஊசி ஒன்று. அழுத்தினால் ஸ்டேப்ளர் மாதிரி 'டப்' என்று சத்தம். அந்தச் சத்தம் கேட்டு அவள் துள்ளிவிடக்கூடாது என்று டாக்டர் முன்கூட்டியே ஒரு தடவை காற்றில் அழுத்திக் காட்டினார். "இந்தச் சத்தம்தான்மா, வலி இருக்காது, பயப்படாதே." எனக்கு அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நாலு மதிப்பெண் கொடுக்கத் தோன்றியது. நாலு தடவை எடுத்தார்கள், ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத வெள்ளை இழை, வெந்த சேமியா மாதிரி. இரண்டு பார்மலினுக்கு, இரண்டு சலைனுக்கு. இரண்டு பாட்டிலிலும் பெயர், வயது, வலதுபக்கக் கழுத்து, தேதி, நேரம். நர்ஸ் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துவிட்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார். பாட்டிலை நாங்கள் சுமக்கவில்லை, அவர்கள் ஆளே எடுத்துப் போனார். தையல் இல்லை, ஒரு பிளாஸ்திரி மட்டும். அரை மணி நேரம் உட்காரவைத்து அழுத்திப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

ஜீன் டெஸ்ட் முடிவு மறுநாள் சாயங்காலமே வந்தது: காசநோய்க் கிருமி இருக்கிறது, டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும். மிஷின் வேலை இரண்டு மணி நேரம்தானாம்! இதற்காகத்தான் நாங்கள் பங்குனியிலிருந்து ஆனி வரை அலைந்தோம். கரூர் பிளாக்கை அவர்கள் புதிதாகச் சீவிப் பார்த்து, லிம்போமா சந்தேகம் துளியும் மிச்சம் இருக்க வேண்டாம் என்று சிடி 15, சிடி 30 சாயங்களும் போட்டுப் பார்த்தார்கள். அது நாலு நாள் கழித்து, இல்லை என்று வந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் நான் சரியாகத் தூங்கினேன். கல்ச்சரில் நாலாவது வாரம் கிருமி வளர்ந்தது, அதிலும் மருந்துகளுக்குக் கட்டுப்படுகிறது என்றே வந்தது.

மருந்து அரசு மையத்தில் இலவசம். நிக்ஷய் என்ற பதிவில் பெயர் ஏறியதும் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 2024 அக்டோபர் வரை இது 500 ஆக இருந்தது. அம்மா தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஆரம்பித்தார். எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, நெறியில் மட்டும் இருக்கும் டிபி இருமலில் பரவாது, ஒன்றாகவே உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று மையத்து அக்கா வந்து சொன்ன பிறகு விட்டார். டிபி நோயாளியைச் சானடோரியத்தில் கொண்டு வைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்ததே நம் சென்னை ஆய்வுதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய மையம் செய்தது, அதுவும் நுரையீரல் டிபிக்கே. அப்படிப்பட்ட ஊரில் இன்னும் தட்டைப் பிரித்து வைக்கிறோம் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது மாதம் திடீரென்று ஒரு கட்டி பெரிதானது. தோல் சிவந்து, தொட்டால் வலி. பயாப்ஸி இல்லாமல் மாத்திரை ஆரம்பித்திருந்தால் அந்த வாரம் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. நோயே தப்பு, மருந்தே தப்பு என்று நிறுத்தியிருப்போம், இல்லையென்றால் யாராவது ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள். திருச்சி டாக்டர் இதை மருந்து ஆரம்பித்த முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். கிருமி சாகும்போது உடம்பு அதை எதிர்த்துக் கிளம்பி நெறி தற்காலிகமாக வீங்கும், கிருமி எது என்று கையில் தெரிகிறது, மருந்தைத் தொடருங்கள், வந்து காட்டுங்கள் என்று. போய்க் காட்டினோம், ஊசியால் கொஞ்சம் சீழை இழுத்துவிட்டார்கள், மூன்று வாரத்தில் அடங்கியது. ஸ்டீராய்டு பற்றி அவர் சொன்னது இன்னொன்று: காரணம் தெரியாத நெறிக்கட்டிக்குச் சதை எடுப்பதற்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமாகூடச் சுருங்கிவிடும், பிறகு பயாப்ஸியில் ஒன்றும் பிடிபடாது. மருந்துக் கடையில் "கட்டிக்கு ஒரு மாத்திரை" என்று கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் தயவுசெய்து இதை இன்னொரு தடவை படியுங்கள்.

செலவு: கரூரில் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். திருச்சியில் கோர், ஸ்கேன், பிளாக் பரிசோதனை, சாயம் எல்லாம் சேர்த்து 16,500. ஜீன் டெஸ்டை மாவட்டக் காசநோய் மையம் வழியாக அனுப்பியதால் அதற்குப் பைசா இல்லை. திருச்சியில் அரை மதிப்பெண் குறைத்தது இரண்டு காரணத்துக்கு. கோருக்கு வெறும் வயிறு தேவையே இல்லையாம், ஆனால் முன்பதிவில் இருந்தவர் சாப்பிடாமல் வரச் சொல்லிவிட்டார், பிள்ளை மதியம் ஒன்றரை மணி வரை பசியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அடுத்தது, ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். டாக்டர் விளக்கும்வரை இரண்டு மணி நேரம் 'நெக்ரோசிஸ்' (திசு செத்திருப்பது) என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கீழே நாலு வரி தமிழில் எழுதிக் கொடுத்தால் என்ன?

தையல் பிரித்த இடத்தைக் காட்டப் போன வாரம் கரூருக்குப் போனபோது அந்தச் சர்ஜனிடம் திருச்சி ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். முழுதும் படித்தார். "சலைன்ல ஒண்ணு போட்டிருக்கணும்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தங்கச்சிக்கு இது ஐந்தாவது மாதம், விட்ட மூன்று கிலோவும் திரும்ப வந்துவிட்டது, கழுத்து மடிப்பில் தழும்பு உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. உங்கள் வீட்டில் யாரையாவது நெறிக்கட்டிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பப் போகிறீர்கள் என்றால், கதவு மூடுவதற்கு முன் நர்ஸிடம் கேளுங்கள்: "சிஸ்டர், சலைன் பாட்டில் ஒண்ணு எடுத்து வச்சுட்டீங்களா?"